பக்கத்துப் பள்ளிக்கூடம் எந்தப் பிள்ளைக்கு?

வாசகர் கேள்வி – பதில்

ஜூன் பிறந்து பள்ளிக்கூடம் திறந்துவிட்டால், மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளை ஊர்ப் பள்ளியில் சேர்ப்பது பற்றித்தான் இந்தப் பகுதிக்கு நிறையக் கடிதங்கள் வரும். இந்த முறை முழுப் பக்கத்தையும் அதற்கே கொடுத்துவிட்டேன். எழுதியவர்கள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை விட்டிருக்கிறேன். நான் இந்தப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிற சிறப்புப் பயிற்றுநராக வேலை பார்த்தவள், அதனால் சில பதில்களில் கோபமும் இருக்கும்.

அம்மா, என் மகளுக்கு ஆறு வயது. பிறந்ததும் அழவில்லை, பெருமூளை வாதம் என்று டாக்டர் சொன்னார். நடக்க வராது, பேச்சு குழறும், ஆனால் நாம் பேசுவது எல்லாமே அவளுக்குப் புரியும். எங்கள் ஊர் தொடக்கப் பள்ளிக்குப் போனேன். "இதற்கென்று டவுனில் ஸ்கூல் இருக்கிறது, அங்கே கொண்டுபோங்கள். வேண்டுமென்றால் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்கிறோம், பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார் தலைமை ஆசிரியர். இது சரியா?
– ஒரு தாய், விளாத்திகுளம் பக்கம்

சரியில்லை அம்மா. அவர் சொன்ன இரண்டுமே சரியில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பள்ளியில் போய் நிற்கும்போது அதுதான் உங்களுக்குத் தைரியம் தரும். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி 6 வயது முதல் 14 வயது வரை எந்தப் பிள்ளையையும் பக்கத்துப் பள்ளி சேர்த்துக்கொள்ள மறுக்கக் கூடாது. 2012இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளையும் அதில் வெளிப்படையாகச் சேர்த்தார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு, அது பக்கத்துப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்பது பிள்ளையின் விருப்பம் என்று சொல்கிறது. அதாவது தேர்ந்தெடுப்பது நீங்களும் உங்கள் மகளும். தலைமை ஆசிரியருக்கு அதில் வேலை இல்லை.

"பெயரை மட்டும் சேர்க்கிறோம்" என்பது மறுப்பதைவிட மோசம். மறுத்தால் கேள்வி கேட்கலாம். பெயரைச் சேர்த்துவிட்டால் எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் உங்கள் மகள் பள்ளியில் படிக்கிற பிள்ளை, கணக்குக்கு எல்லாம் சரியாகிவிடும், ஆனால் அவள் திண்ணையில் உட்கார்ந்து தெருவில் போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காலை உணவும் மதிய உணவும் கதையும் பாட்டும் சண்டையும் சமாதானமும், எதுவுமே அவளுக்குக் கிடைக்காது. இதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். முதலில் சண்டை வேண்டாம். அந்தத் தலைமை ஆசிரியருக்குப் பயமாகக்கூட இருக்கலாம். பிள்ளை கீழே விழுந்துவிட்டால், வலிப்பு வந்தால், கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். உங்கள் ஒன்றியத்தில் வட்டார வள மையம் இருக்கும், பி.ஆர்.சி. என்றால் எல்லோருக்கும் தெரியும். அங்கே சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை சிகிச்சை தருகிறவரும் இருப்பார்கள். மகளைத் தூக்கிக்கொண்டு நேரே அங்கே போங்கள், சிறப்புப் பயிற்றுநரைக் கூட்டிக்கொண்டு மறுபடி பள்ளிக்குப் போங்கள். சேர்க்கை கேட்டு ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து, இன்னொரு பிரதியில் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்குங்கள். பாதிப் பள்ளிகளில் அந்தக் கையெழுத்தைக் கேட்டதுமே பேச்சு மாறிவிடும். அப்படியும் நடக்கவில்லையா, வட்டாரக் கல்வி அலுவலரிடம் போங்கள், 14417 என்ற கல்வி உதவி எண்ணில் சொல்லுங்கள், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.

அடையாள அட்டை இல்லை, ஆதார் இல்லை, பிறப்புச் சான்று இல்லை என்று எதைச் சொல்லியும் சேர்க்கையை நிறுத்த முடியாது. ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையை எப்படியும் வாங்கி வைத்துவிடுங்கள், மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி. பி.ஆர்.சி. நடத்துகிற மருத்துவ முகாமில் எலும்பு, காது, கண், மனநலம் என்று எல்லா டாக்டர்களும் ஒரே இடத்துக்கு வருவார்கள், சதவீதச் சான்று வாங்க அது வசதி. பள்ளியில் சேர்ந்த பெண் பிள்ளைக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதத்துக்கு உதவித்தொகை உண்டு. பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு வருகிற ஆளுக்கும் போக்குவரத்துக்கும் தனியாக ஒரு தொகை உண்டு, அதைக் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. பெருமூளை வாதம் உள்ளவர்களுக்கு 'நிரமயா' என்ற காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும், சிகிச்சைப் பயிற்சிகளும் அதில் அடக்கம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அப்புறம், சேர்த்த பிறகு நடப்பது. உட்காருவதுதான் முதல் பிரச்சினை. முதுகு நிமிர்ந்து, இடுப்பு நழுவாமல், பாதம் தொங்காமல் பதிந்து இருந்தால்தான் பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்குக் கை வேலை செய்யும், பேச்சும் கொஞ்சம் தெளியும். இதற்கென்று பட்டையும் தட்டும் வைத்த நாற்காலி முகாமில் கிடைக்கும். அது வரும் வரைக்கும் ஊர்த் தச்சரிடம் சொல்லி, சின்ன நாற்காலிக்குக் கால் வைக்க ஒரு பலகையும் முன்னால் ஒரு சாய்வுப் பலகையும் அடித்து வாங்கலாம், அளவை இயன்முறை சிகிச்சையாளர் சொல்வார். தரையில் சுவரோரம் சாய்த்து உட்காரவைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வகுப்பில் மற்ற பிள்ளைகள் எந்த உயரத்தில் இருக்கிறார்களோ அதே உயரத்தில் அவளும் இருக்க வேண்டும். முதல் கொஞ்ச நாள் நீங்களும் கூட இருங்கள், பள்ளிக்கும் அவளுக்கும் பழக்கம் வரட்டும். ஆனால் "அம்மா தினமும் உட்கார்ந்தால்தான் பிள்ளையை வைத்துக்கொள்வோம்" என்று நிபந்தனை போட்டால் அதை ஏற்காதீர்கள். நீங்கள் நூறு நாள் வேலைக்கும் போக வேண்டும், வீட்டையும் பார்க்க வேண்டும்.

நான் ஈராசிரியர் பள்ளி ஆசிரியை. ஐந்து வகுப்பு, முப்பத்துச் சொச்சம் பிள்ளைகள். அதில் ஒரு பையனுக்கு டவுன் சிண்ட்ரோம், ஒரு பெண் குழந்தைக்குக் காது கேட்காது, மெஷின் போட்டிருக்கிறாள். தலைமை ஆசிரியர் கூட்டம், பதிவேடு, ஆப் என்று ஓடுகிறார், ஐந்து வகுப்பும் என் தலையில். சிறப்புப் பயிற்றுநர் எப்போதாவது வருகிறார். மனசார இந்தப் பிள்ளைகளுக்குச் செய்ய ஆசைதான். எப்படிச் செய்வது?
– ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

டீச்சர், உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அறுபது பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் என்பது சட்டத்தில் உள்ள கணக்கு. ஐந்து வகுப்பை இரண்டு பேர் நடத்தும்போது பாதிப்பு எல்லாப் பிள்ளைக்கும்தான், இந்த இரண்டு பிள்ளைகளுக்குக் கூடுதலாக. அதை மறைத்துவிட்டு உங்களுக்கு அறிவுரை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது.

தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு பிள்ளைகளை வகுப்பால் பிரிக்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலையால் பிரித்து நடத்துகிறீர்கள் அல்லவா? ஒரே பாடத்தை மூன்று நிலைக்கு மூன்று விதமாகக் கொடுப்பது உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் சேர்த்துப் படிக்கவைக்கிற உள்ளடக்கிய கல்வி என்று பயிற்சியில் பெரிதாகச் சொல்வதும் அதையேதான். டவுன் சிண்ட்ரோம் பையன் அரும்புக்கும் கீழே இருக்கலாம், பரவாயில்லை, அவனுக்கு அந்தப் பாடத்திலேயே ஒரு துண்டு கொடுங்கள். மற்றவர்கள் 'மரம்' பற்றி நாலு வரி எழுதும்போது அவன் படத்தில் மரத்தைக் காட்டட்டும், 'மரம்' என்ற அட்டையை எடுத்து அதன் மேல் வைக்கட்டும், முடிந்தால் முதல் எழுத்தை மணலில் எழுதட்டும். தனி மூலையில் தனி பொம்மையோடு உட்காரவைப்பதுதான் தப்பு. இந்தப் பிள்ளைகளுக்குக் கேட்டுப் படிப்பதைவிடப் பார்த்துப் படிப்பது நன்றாக வரும், அதனால் பேச்சைக் குறைத்து அட்டையையும் படத்தையும் கூட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சொல், ஒரு கட்டளை. "நோட்டை எடுத்து, பென்சிலைச் சீவி, பக்கம் பத்தைத் திற" என்றால் அவனுக்கு மூன்றாவதுதான் காதில் நிற்கும். தசைகள் தளர்வாக இருப்பதால் பென்சில் பிடிப்பது தாமதமாகும், மாவு பிசைவது, மணி கோப்பது போன்றவை விளையாட்டுப் போலத் தெரிந்தாலும் அவைதான் அவனுக்கு எழுத்துப் பயிற்சி. இன்னொன்று, டவுன் சிண்ட்ரோம் உள்ள பலருக்குக் காது மந்தம், பார்வைக் குறைவு, தைராய்டு, இதயத்தில் ஓட்டை எல்லாம் சேர்ந்தே வரும். பையன் திடீரென்று மந்தமாகிவிட்டான் என்றால் பிடிவாதம் என்று நினைக்காமல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். கழுத்துப் பகுதி முதுகெலும்பு மூட்டு சிலருக்குத் தளர்வாக இருக்கும், டாக்டர் சரி என்று சொல்லாமல் குட்டிக்கரணம் போடவிடாதீர்கள்.

மெஷின் போட்ட பெண்ணுக்கு வருகிறேன். தினமும் காலையில் முதல் வேலையாக மெஷின் ஓடுகிறதா என்று பாருங்கள். காலை எழுந்ததும் வேறு எதைவிடவும் இது முக்கியம். பேட்டரி சில நாளில் தீர்ந்துவிடும், கிராமத்தில் புதிது கிடைக்காது, அம்மா டவுனுக்குப் போகிற வரை மெஷின் டப்பாவுக்குள் போய்விடும். நான் போன ஊர்களில் இப்படி அலமாரியில் தூங்கின மெஷின்களைப் பார்த்துப் பார்த்து மனசு நொந்திருக்கிறது. காதுக்குள் வைக்கிற அச்சும் பிள்ளை வளர வளரச் சின்னதாகிவிடும், அப்போது 'கீ' என்று சத்தம் வரும், பிள்ளை கழற்றி எறிவாள். புது அச்சு எடுக்க வேண்டும் என்று அர்த்தம். அப்புறம், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள், அவள் உங்கள் வாயைப் பார்த்தும் புரிந்துகொள்கிறாள். சன்னல் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும், முதுகில் வேண்டாம். மெஷின் போட்டுவிட்டால் நம்மைப் போலக் கேட்கும் என்று நினைப்பது தவறு, சத்தம் வரும், தகரக் கூரையில் மழை பெய்தால் அந்தச் சத்தமும் சேர்ந்தே வரும்.

சிறப்புப் பயிற்றுநர் வருகிற நாளில் அவர் இந்தப் பிள்ளைகளை வராந்தாவுக்கு அழைத்துப் போய் அரைமணி நேரம் வண்ணம் தீட்டவைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போனால் ஒரு பயனும் இல்லை. உங்கள் வகுப்பிலேயே, உங்கள் பாடத்தையே, உங்களோடு சேர்ந்து நடத்தச் சொல்லுங்கள். அவர் போன பிறகு அந்த வாரம் முழுவதும் என்ன செய்ய வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்க வேண்டும். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

என் மகன் படிக்கிற மூன்றாம் வகுப்பில் ஆட்டிசம் உள்ள பையன் ஒருவனைச் சேர்த்திருக்கிறார்கள். திடீரென்று கத்துகிறான், எழுந்து ஓடுகிறான். அவன்மீது எனக்குக் கோபம் இல்லை, ஆனால் மற்ற பிள்ளைகளின் படிப்பு கெடாதா? பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னால் நான் கெட்டவன் ஆகிவிடுகிறேன்.
– ஒரு தந்தை, அரியலூர் மாவட்டம்

நீங்கள் கெட்டவர் இல்லை. மனதில் உள்ளதைக் கேட்டீர்கள். நானும் நேராகவே சொல்கிறேன்: சில நாள் பாடம் தடைபடும். அதற்குத் தீர்வு அந்தப் பையனை வெளியே அனுப்புவது இல்லை.

ஆட்டிசம் உள்ள பிள்ளை சும்மா கத்தாது. நமக்குச் சாதாரணமாகத் தெரிகிற பள்ளி மணி, மின்விசிறியின் கிரீச் சத்தம், வரிசையில் நிற்கும்போது படுகிற தோள், இதெல்லாம் அவனுக்குத் தாங்க முடியாததாக இருக்கலாம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் இருப்பதும் பெரிய பயம். அன்றைய நாளை வரிசையாகப் படமாக வரைந்து சுவரில் ஒட்டி (பிரேயர், தமிழ், இடைவேளை, கணக்கு, சாப்பாடு) ஒவ்வொன்றும் முடிந்ததும் அவனையே ஒரு படத்தை எடுக்கச் சொல்வது பலருக்குக் கைகொடுக்கிறது. மணி அடிக்கும் முன்பு சொல்லிவிடுவது, சத்தம் அதிகமானால் போய் உட்கார ஒரு அமைதியான இடம் வைப்பது, இவ்வளவுதான். இதற்குக் காசு தேவையில்லை, கவனிக்கிற ஒரு ஆசிரியர் தேவை. நீங்கள் கூட்டத்தில் கேட்க வேண்டியது "அவனை ஏன் சேர்த்தீர்கள்" என்பதை அல்ல, "டீச்சருக்கு உதவியாக யாரை அனுப்பப் போகிறீர்கள்" என்பதை. அதை நீங்களும் அந்தப் பையனின் அப்பாவும் சேர்ந்து கேட்டால் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாகவே வரும்.

உங்கள் மகனிடம் பேசிப் பாருங்கள். பெரியவர்கள் விலக்காவிட்டால் பிள்ளைகள் தாமாகவே வழி கண்டுபிடித்துவிடுவார்கள். "அவனுக்கு விசில் சத்தம் பிடிக்காது டீச்சர்" என்று என்னிடம் முதலில் சொன்னதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள்தான். இன்னொரு விஷயம்: கத்துகிறான் என்று அந்தப் பையனை அடிப்பதாகவோ வெளியே பூட்டிவைப்பதாகவோ உங்கள் மகன் வீட்டில் வந்து சொன்னால் அதைச் சும்மா விட்டுவிடாதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்திருக்கிறது. 1098க்கு யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

பேரன் நாலாம் வகுப்பு. வாய்ப்பாடு தலைகீழாகச் சொல்லுவான், கதை சொன்னால் அசந்துபோவீர்கள். ஆனால் வாசிக்கச் சொன்னால் ஒரு வரி தாண்டமாட்டான். 'பட்டம்' என்பதைப் 'படம்' என்கிறான், கொம்பையும் காலையும் விட்டுவிடுகிறான். சோம்பேறி என்கிறார் வாத்தியார். அடி வாங்கி வாங்கி இப்போது பள்ளிக்கூடம் போகவே மாட்டேன் என்கிறான்.
– ஒரு தாத்தா, கமுதி

ஐயா, முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். பள்ளிக்கு வருகிற மருத்துவக் குழுவிடம் காட்டினாலும் சரி, அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாலும் சரி. பலகை தெரியாமலேயே நாலாம் வகுப்பு வரை வந்துவிட்ட பிள்ளைகள் உண்டு. அதில் ஒன்றும் இல்லை என்றால், நீங்கள் எழுதியிருப்பதைப் பார்க்கும்போது கற்றல் குறைபாடாக இருக்க வாய்ப்பிருக்கிறது, டிஸ்லெக்சியா என்று சொல்வார்கள். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது. ல, ள, ழ மாறுவதை மட்டும் வைத்து யாரும் முடிவு கட்ட வேண்டாம், அது எல்லாப் பிள்ளைக்கும் வருவது. வாயால் அவ்வளவு நன்றாகச் சொல்கிற பிள்ளைக்கு எழுத்து மட்டும் பிடிபடவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுதான் இருந்தன, அதில் இந்தப் பிள்ளைகளுக்கு இடமே இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகையாக ஆக்கியபோது கற்றல் குறைபாடும் உள்ளே வந்தது. சான்றிதழ் எட்டு வயதுக்குப் பிறகுதான் தருவார்கள், உங்கள் பேரனுக்கு அந்த வயது வந்துவிட்டது. மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். சான்று இருந்தால் பின்னால் பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகள் கிடைக்கும்.

ஆனால் சான்று வரும் வரை காத்திருக்க வேண்டாம். வாத்தியாரிடம் நீங்களே போய், பணிவாகத்தான், ஆனால் விடாமல், மூன்று விஷயம் கேளுங்கள். எல்லார் முன்னாலும் உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டாம். கேள்விக்கு வாயால் பதில் சொன்னால் அதற்கும் மதிப்பெண் கொடுங்கள். கையில் கம்பை எடுக்க வேண்டாம். வீட்டில் ஒரு வேலை: அவன் சொல்கிற கதையை நீங்கள் அவன் சொன்ன சொற்களிலேயே பெரிய எழுத்தில் எழுதுங்கள், விரலை வைத்து அதை அவனோடு சேர்ந்து வாசியுங்கள். தன் கதை என்பதால் அடுத்த சொல் என்னவென்று அவனுக்குத் தெரியும், எழுத்து மெதுவாகப் பின்னால் வரும். ஒரு நாளைக்குக் கால்மணி நேரம் போதும். அவன் அலுத்துக்கொண்டால் நிறுத்திவிடுங்கள்.

பையனுக்கு மூன்றரை வயது, பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. உள்ளூரிலேயே படிக்கவைப்பதா, பாளையங்கோட்டை மாதிரி ஊரில் காது கேளாதோர் பள்ளி விடுதியில் விடுவதா? நீங்கள் எப்போதும் பக்கத்துப் பள்ளி என்றுதானே சொல்வீர்கள்.
– ஒரு தாய், சங்கரன்கோவில்

எப்போதும் அப்படிச் சொல்ல மாட்டேன் அம்மா. காது கேளாத பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு வேறு எண்ணம் உண்டு.

மொழி வருவதற்கான வயது இதுதான். சைகையிலோ பேச்சிலோ ஏதாவது ஒரு மொழி முழுசாக அவனுக்கு வந்துவிட வேண்டும். காது கேளாத இன்னொரு பிள்ளையே இல்லாத ஊரில், சைகை தெரிந்த ஒருவர்கூட இல்லாத வகுப்பில் அவனை உட்காரவைத்துவிட்டு அதை உள்ளடக்கிய கல்வி என்று சொல்ல என்னால் முடியாது. பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. அங்கே படித்து வந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற வேகத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

முதலில் இந்த மாதமே மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள ஆரம்ப இடையீட்டு மையத்துக்குப் போங்கள். ஆறு வயதுக்குள் என்றால் காதுக்குள் கருவி பொருத்துகிற காக்ளியர் அறுவை சிகிச்சை முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் வரும், அவனுக்குப் பொருந்துமா என்று அவர்கள் பார்ப்பார்கள். பொருந்தினால் அறுவையோடு வேலை முடியாது, அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் பேச்சுப் பயிற்சி வேண்டும், அதற்கு உங்களால் தொடர்ந்து போய்வர முடியுமா என்பதையும் வைத்து முடிவெடுங்கள். பொருந்தாவிட்டால் சைகை மொழியை வீட்டில் எல்லோரும் இன்றே தொடங்குங்கள். இந்தியச் சைகை மொழி ஆய்வு மையம் பத்தாயிரம் சொற்களுக்கு வீடியோ அகராதி போட்டிருக்கிறது, கைப்பேசியிலேயே பார்க்கலாம். விடுதிக்கு அனுப்பும் வயது இன்னும் வரவில்லை. பகலில் போய்வருகிற மாதிரி பக்கத்தில் மையம் கிடைத்தால் அதுதான் இப்போதைக்கு நல்லது. விடுமுறைக்கு வீட்டுக்கு வரும் பிள்ளையோடு பேச அப்பாவுக்கும் பாட்டிக்கும் சைகை தெரியவில்லை என்றால், அவன் சொந்த வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிடுவான். நிறைய வீடுகளில் அப்படித்தான் ஆகிறது.

செங்கல் சூளையில் வேலை செய்ய வரும் ஒடிசா குடும்பத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கப் போனால் டி.சி. எங்கே, வயதுச் சான்று எங்கே என்கிறார்கள். இதுவும் உங்கள் பகுதியில் சேருமா?
– ஒரு தன்னார்வலர், திருவள்ளூர் மாவட்டம்

கட்டாயம் சேரும் தம்பி. டி.சி. இல்லை, வயதுச் சான்று இல்லை, ஆண்டு நடுவில் வந்தார்கள் என்று எந்தக் காரணத்துக்காகவும் மறுக்க முடியாது, கல்வி உரிமைச் சட்டத்தில் மூன்றுக்கும் தனித்தனிப் பிரிவு இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளை எதுவும் படிக்காமல் வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது 4வது பிரிவு. அந்தப் பிள்ளைகளிலும் கண் தெரியாததும் காது கேளாததும் இருக்கும், கணக்கெடுப்பில் ஊரில் இல்லாததால் அவர்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. சூளைக்குப் போகும்போது சிறப்புப் பயிற்றுநர் ஒருவரையும் கூட்டிப்போங்கள்.

நானும் உங்களைப் போலச் சிறப்புப் பயிற்றுநர்தான் மேடம். ஒப்பந்த வேலை, சம்பளம் எப்போது வரும் என்று தெரியாது. ஒன்றியம் முழுக்க ஓட வேண்டும், பஸ் இல்லாத ஊருக்கு நடந்து போக வேண்டும். பள்ளியில் போய் நின்றால் ஆசிரியர் என்று யாரும் மதிப்பதில்லை. விட்டுவிடலாமா என்று இருக்கிறது.
– பெயர் வேண்டாம்

விட்டுவிடுங்கள் என்றோ விடாதீர்கள் என்றோ சொல்ல எனக்கு உரிமை இல்லை அம்மா, உங்கள் வீட்டு அடுப்பு எனக்குத் தெரியாது. ஆனால் எழுதி வைக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தொடக்க வகுப்பில் பத்துப் பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் எட்டாம் வகுப்பு வரை பதினைந்து பிள்ளைக்கு ஒருவர் என்பது 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகு 2022இல் ஒன்றிய அரசு அறிவித்த கணக்கு. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், பணியிடங்களை உருவாக்கி நிரப்பச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் மறுபடி உத்தரவு போட்டது. உங்கள் தகுதியும் அனுபவமும் இந்த நாட்டுக்குத் தேவை என்று சட்டம் சொல்லிவிட்டது, பணத்தைத்தான் யாரும் எடுத்து வைக்கவில்லை. ஒன்றிய அரசும் மாநில அரசும் கல்வித் திட்ட நிதிக்குச் சண்டை போட்டபோது முதலில் நின்றது உங்களைப் போன்றவர்களின் சம்பளம்தான், அது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

உங்கள் சங்கத்தோடு சேர்ந்து நில்லுங்கள். பெற்றோர்களையும் உங்கள் கோரிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். நிரந்தரப் பணி உங்களுக்கான கோரிக்கை மட்டும் இல்லை, ஆண்டுக்கு ஒரு முகம் மாறினால் அந்தப் பிள்ளை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவராக இருக்கிறேன். சக்கர நாற்காலிப் பையன் ஒருவன் சேர்ந்திருக்கிறான். சாய்தளம் இருக்கிறது, ஆனால் ஏற்றினால் நாற்காலி பின்னால் உருளுகிறது. என்ன செய்வது?
– ஒரு தாய், ஒட்டன்சத்திரம் பக்கம்

செங்குத்தாகக் கட்டிவிட்டார்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், அதுதான் விதி. உங்கள் வராந்தா ஒன்றரை அடி உயரம் என்றால் பதினெட்டு அடி நீளம். இடம் இல்லை என்றால் நடுவில் ஒரு சமதளம் வைத்துத் திருப்பிக் கட்டலாம். அகலம் நாலடி, இரண்டு பக்கமும் கைப்பிடி, சிமெண்டை வழவழ என்று தேய்க்காமல் சொரசொரப்பாக விடச் சொல்லுங்கள். சாய்தளம் மணலில் போய் முடிந்தால் பயனில்லை, கேட்டிலிருந்து அதுவரைக்கும் கெட்டியான பாதை வேண்டும். கழிப்பறையை மறந்துவிடாதீர்கள்: மேற்கத்திய பீங்கான், பக்கத்தில் பிடிக்கக் கம்பி, மூன்றடி வாசல், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உட்கார்ந்த இடத்திலிருந்து குழாய் எட்ட வேண்டும். கட்டி முடித்த பிறகு அதைப் பூட்டிச் சாவியை அலுவலக அறையில் வைக்கக் கூடாது, அதையும் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.

அளவை எழுதிய தீர்மானத்தை இந்தக் கூட்டத்திலேயே போட்டு, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் சேருங்கள். அடுத்த கிராம சபையிலும் வையுங்கள், அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டுகிற 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' மூலமாகவும் கேட்கலாம். அந்தப் பையனின் அம்மா அப்பா குழுவில் உறுப்பினரா? இல்லை என்றால் அவர்களைக் கூட்டத்துக்கு அழையுங்கள். கொத்தனார் வருகிற நாளில் பையனையும் நாற்காலியோடு வரச் சொல்லுங்கள், கலவை போடுவதற்கு முன்னால் பலகை வைத்து அவனையே ஒரு தடவை ஏறிப் பார்க்கச் சொன்னால் அளவு சரியா தப்பா என்று அங்கேயே தெரிந்துவிடும்.